வடக்குச் சுவர், ஆணியுடன்

ஏணி என்னுடையது. அதனால் சொல்கிறேன்.

கெண்ட் நகரக் கலைக்கழகத்தில்
எது எங்கே தொங்க வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு.
போர்க்களம், புனிதர், முடிசூடும் அரசன்
கண்ணுக்கு நேரே.
சீமான்களின் முகங்கள் அதற்கு மேலே.
மரம், ஆறு, மாடு, பக்கவாட்டில்.
எலுமிச்சை, மீன், செத்த முயல்
கதவுக்குப் பின்னால்.
பெண் வரைந்தது என்றால்
பூ மட்டும். அதுவும் சின்னதாக.

கோடலீவ ராப்சாட் பூ வரையவில்லை.
ஐந்து வருஷம் அவள் அனுப்பியதை
ஐந்து வருஷமும் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்:
தோலுரித்த விலாங்கு,
அடகுக்கடை ரசீது,
ஒரு தடவை, தண்ணீர்க் குவளையில்
அவள் அப்பாவின் பொய்ப்பல் வரிசை.
"கை இருக்கிறது. கருத்து இல்லை"
என்றார் தலைவர் ஸ்ஹெலிங்க்,
அவள் பக்கத்தில் நிற்பது தெரிந்தே.

ஆறாம் வருஷம், ஆகஸ்டில்,
கூடம் காலியாக இருந்தபோது வந்தாள்.
சாவியைக் கொடுத்தேன்.
(ஒரு புட்டி ஜின். மறைப்பானேன்.)
மூன்று வாரம் முக்காலியில் உட்கார்ந்து
கதவுக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்தாள்.
அங்கே ஒன்றுமில்லை.
சுண்ணாம்பில் ஒரு விரிசல்,
மழை இறங்கிப்போன தடம்,
போன வருஷம் அவள் படத்தைத் தாங்கிய
என் ஆணி.
ஆணியின் நிழலை நூல் பிடித்து அளந்தாள்.
"நவம்பரில், மூன்று மணிக்கு,
இது எவ்வளவு நீளும்?"
எனக்கெப்படித் தெரியும்.
அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

தேர்வுக் குழு கட்டைப் பிரிக்கக்கூட இல்லை.
ராப்சாட்டா, கதவுக்குப் பின்னால்
என்று எழுதி அடுத்ததற்குப் போய்விட்டது.
பிரித்தவன் நான்.
சட்டம் கிடையாது. கையெழுத்து கிடையாது.
மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி
அண்ணாந்து பார்த்தால்
மாட்டினேனா என்று எனக்கே சந்தேகம்.

திறப்பு நாள்.
பட்டுச் சரசரப்பு, சுருட்டு வாசனை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைத் தேடிய ஒருவர்
அச்சுப்பிழை என்று பட்டியலை மடித்துக்கொண்டார்.
மூன்று மணிக்கு
யாரோ கொட்டிய மதுவைத் துடைக்க வந்த பெர்லிந்தே
ஈரத்துணியை அந்த ஆணியில் மாட்டினாள்.
துணி விழுந்தது.
மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது.
விரலால் தடவினாள்.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
படகுத்துறையில் மட்டும் கேட்கக் கிடைப்பது.
பிறகு சிரித்தாள்.
வாளியைப் பிடித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து,
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
இருபதடி நீளத்துக்கு வீரர்கள்
செத்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து
ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

தலைவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டினார்.
"இது கண்கட்டு. கலை அல்ல."
கூட்டத்தின் கடைசியில் நின்ற கோடலீவ
"எதைச் சொல்கிறீர்கள்?" என்றாள், மரியாதையாக.

அவருக்கு அது போதவில்லை.
பக்கத்தில் இன்னோர் ஆணி.
இதுவும் இவள் வேலைதானே என்று
ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.
அது என் ஆணி.
பிடுங்க மறந்தது. துருப்பிடித்தது.

அத்தனை போர்க்களம் தொங்கிய கூடத்தில்
அன்று சிந்திய நிஜ ரத்தம்
அது ஒன்றுதான்.
பெர்லிந்தே அதையும் துடைத்தாள்.

அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.
ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டாள் என்றார்கள்,
கல்யாணம் என்றும் சொன்னார்கள்,
நான் விசாரிக்கவில்லை.
விரிசலைப் பூசி வெள்ளையடித்தாயிற்று.
ஆனாலும் திறப்புக்கு முந்தின ராத்திரி
விளக்கோடு கதவுக்குப் பின்னால் போய்
வெற்றுச் சுவரை
உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு வருகிறேன்.
எதற்கும் இருக்கட்டும்.